ஜிக் கட்டவா, ஃப்ளை கட்டவா, இல்ல ரெடிமேடே போதுமா? டெல்டாவுல தூண்டி போடுறவங்களுக்கு

மேட்டூர் தொறந்த சேதி வந்த அன்னிலேர்ந்தே கேக்க ஆரம்பிச்சுர்றாங்க. "அண்ணே, கடையில ஒரு ஃப்ராக், அதான் தவளை மாதிரி போலி இரை, வாங்கினா ரெண்டாவது வீச்சுலயே காட்டாமணக்குல மாட்டி அத்துக்கிட்டு போயிருது, நாமளே ஜிக் கட்டிக்கலாமா, இல்ல வீடியோவுல ஃப்ளைன்னு காட்டுறாங்களே அத கட்டலாமா, எதுல ஆரம்பிக்கிறது?" மன்னார்குடி பக்கத்து தம்பி ஒருத்தர் ஃப்ளை கட்டுற வைஸ் (கட்டும்போது முள்ளை கவ்விப் புடிக்கிற கருவி) ஒண்ண ஆன்லைன்ல பாத்து வச்சுட்டு வாங்கவா வேணாமான்னு மூணு வாரமா தவிச்சுக்கிட்டு இருக்கார். சீர்காழிலேர்ந்து ஒரு தங்கச்சி, அப்பாகூட பழையாறு கழிமுகத்துல தூண்டி போடுறவங்க, அவங்களுக்கு கொடுவாதான் குறி, அவங்க கேள்வியே வேற. தனித்தனியா சொல்லிச் சொல்லி ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு விட்டுப்போகுது, அதான் மொத்தமா எழுதிர்றேன்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: ஜிக்னா ஈயத்தலை வச்ச தூண்டி முள்ளுல முடியோ இறகோ கட்டின போலி இரை, ஃப்ளைன்னா முள்ளுல இறகும் நூலும் சுத்திக் கட்டுற லேசான போலி இரை. கடையில வாங்குறது, ஜிக் கட்டுறது, ஃப்ளை கட்டுறது, மூணையும் நான் செஞ்சு பாத்துருக்கேன், மூணுலயும் காசு போட்டுருக்கேன், அந்த கணக்குதான் இது.

## எதை வச்சு முடிவு பண்றது

மீன் எதுன்னு எல்லாரும் முதல்ல கேப்பாங்க, நான் அத ரெண்டாவதாத்தான் வைப்பேன். முதல்ல பாக்க வேண்டியது கையில என்ன கம்பு இருக்குன்னு. ஸ்பின்னிங் ரீல் போட்ட கம்பா, ரீலே இல்லாத மூங்கில் கம்பா, இல்ல இனிமேதான் வாங்கணுமா. அப்புறம் தண்ணி: செடி மண்டிக் கெடக்குற குளமா, ஓடுற வாய்க்காலா, சட்ரஸுக்கு (ஆத்து மதகு) கீழ சுழிக்கிற தண்ணியா, உப்புத்தண்ணியா. மூணாவது காசு, இதுல முதல்ல போடுற காசு ஒண்ணு, மாசா மாசம் தண்ணியில தொலைக்கிற காசு இன்னொண்ணு, ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும். நாலாவது உங்க சாயங்காலம், உக்காந்து கட்ட எவ்வளவு நேரம் இருக்கு. அஞ்சாவது வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்காங்களா, இது எதுக்குன்னு ஈயம் பத்தி வரும்போது சொல்றேன்.

கம்ப ஏன் முதல்ல வைக்கிறேன்னா, ஜிக்குக்கும் ஃப்ளைக்கும் உண்மையான வித்தியாசம் எடை எங்க இருக்குங்கிறதுதான். ஜிக்ல எடை அதோட தலையில இருக்கு. 14 கிராம் ஜிக்கை வீசினா அந்த 14 கிராம்தான் பறக்குது, தூண்டி நரம்பு சும்மா பின்னாடியே போகுது. ஃப்ளை வெறும் இறகும் நூலும், ஒரு கிராம் கூட இருக்காது, அத ஸ்பின்னிங் ரீல்ல போட்டு வீசினா கால் பக்கத்துலயே விழும். அதனால ஃப்ளைக்கு நரம்புலயே எடைய வச்சுட்டாங்க. 8 நம்பர் ஃப்ளை லைன் எடுத்துக்கிட்டா முதல் 30 அடி 210 கிரைன், நம்ம கணக்குல 13.6 கிராம் கிட்ட வருது. பாத்தீங்களா, கிட்டத்தட்ட மேல சொன்ன 14 கிராம் ஜிக்கோட எடையேதான், அங்க ஒரு குண்டுல இருக்குறது இங்க 30 அடி கயித்துல பரவியிருக்கு. இந்த ஒண்ணு புரிஞ்சுட்டா பாதி குழப்பம் போயிரும், ஏன்னா ஃப்ளை கட்ட ஆரம்பிக்கிறவங்க கட்டுறதுக்கு மட்டும் காசு போடல, அத வீசுறதுக்கு தனியா ஒரு கம்பு, ரீல், லைன் எல்லாத்துக்கும் சேத்துத்தான் போடுறாங்க. அந்த தம்பி பாத்து வச்சுருக்கிற வைஸ், மொத்த செலவுல ஒரு ஓரம்தான்.

## வழி 1: கடையில வாங்குறது

இத ரொம்ப நீட்ட வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவ, ரெண்டு தடவ போறவங்களா இருந்தா தாராளமா வாங்கிக்கோங்க. பத்து ஜிக் கட்டுறதுக்கு வேண்டிய சாமான் வாங்குற காசுல மூணு நாலு நல்ல ஜிக் ரெடிமேடா வந்துரும், அது உங்களுக்கு ஒரு வருஷம் ஓடும். கூடவே ஒரு நல்லது, நல்ல கம்பெனி ஜிக் ஒண்ணு கையில இருந்தா அப்புறம் நாமளா கட்டும்போது பாத்துப் பாத்து கட்ட அதுவே வாத்தியார்.

இதுல மறைஞ்சிருக்கிற செலவு முள்ளு. விலை கம்மியான ரெடிமேட்ல பளபளப்பு எல்லாம் இருக்கும், முள்ளுதான் மட்டமா இருக்கும். கழிமுகத்துல ரெண்டு நாள் உப்புத்தண்ணி பட்டதும் துருப்பிடிச்சுரும், இல்ல நல்ல மீன் இழுக்கும்போது நிமிந்து குடுத்துரும். எனக்கு ஒரு செப்பிலி அப்படி போச்சு, முள்ளு வந்து பாத்தா நேரா ஊசி மாதிரி நிமிந்து கெடக்கு. அன்னிக்குத்தான் முள்ளை நானே தேர்ந்தெடுக்கணும்னு முடிவு பண்ணேன், கட்ட ஆரம்பிச்சதுக்கு காரணமே அதுதான், காசு மிச்சம்ங்கிறது அப்புறம் வந்தது.

இன்னொண்ணு பயம். விலை குடுத்து வாங்குன ஃப்ராக்கை எங்க மீன் இருக்கோ அங்க போட மனசு வராது, செடிக்கு ரெண்டடி தள்ளித்தான் போடுவோம். விரால் அந்த ரெண்டடிய தாண்டி வராது.

## வழி 2: ஜிக் கட்டுறது

நம்ம டெல்டாவுக்கு ஆரம்பிக்க இதுதான் சரின்னு நான் நெனைக்கிறேன், ஸ்பின்னிங் ரீல் வச்சிருக்கிற பத்து பேர்ல ஒம்போது பேருக்கு இதத்தான் சொல்லுவேன். இதுக்குள்ளயே மூணு கிளை இருக்கு.

தலை வாங்கி முடி மட்டும் கட்டுறது. ஈயத்தலை ஊத்தின ஜிக் முள்ளு கடையில கிடைக்குது, அத வாங்கி ஆட்டு முடியோ இறகோ கட்டினா முடிஞ்சுது. சுத்தமான வழி. வாய்க்காலுக்கு 3.5 கிராம், சட்ரஸுக்கு கீழ இழுப்புத் தண்ணிக்கு 7, கழிமுகத்துல ஓதம் (கடல் தண்ணி ஏறி எறங்குறது) ஓடும்போது 14 அதுக்கு மேல. சின்ன மீனுக்கு இன்னும் கம்மி, 1.8 கிராம் தலையில சின்னதா ரெண்டு இறகு கட்டினா கெளுத்தி கூட அடிக்கும்.

ஈயம் உருக்கி ஊத்துறது. வீடியோவுல இத பாத்துட்டுத்தான் நெறைய பேர் ஆசப்படுறாங்க. தயவுசெஞ்சு இதுல ஆரம்பிக்காதீங்க. நான் ஒரு ஐப்பசி மாசம், மழை விட்டிருந்த சாயங்காலம், கொல்லையில அடுப்பு மூட்டி உருக்கி அச்சுல ஊத்தினேன், அச்சு காஞ்சுருக்குன்னு நெனச்சேன், உள்ள எங்கயோ ஒரு பொட்டு ஈரம், ஊத்தின ஈயம் அப்படியே வெடிச்சு தெறிச்சு முழங்கையில விழுந்துச்சு, தழும்பு இன்னும் இருக்கு. கண்ணுல பட்டுருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் நெனைப்பேன். சூடான ஈயத்துல தண்ணி பட்டா அது நொடியில ஆவியாகி ஈயத்தை தூக்கி எறியுது, நம்ம ஊரு அடமழை காலத்துல காத்துலயே ஈரம், அச்சு எப்ப காஞ்சுருக்கு எப்ப காயலன்னு கண்ணால சொல்லவே முடியாது. அதோட ஈயத்துக்கு பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, சின்னப் புள்ளைங்க மூளைக்குத்தான் முதல் கேடு. சமையல்கட்டு பாத்திரம், சமையல் அடுப்பு ரெண்டும் கூடவே கூடாது. பழைய பேட்டரிய ஒடச்சு ஈயம் எடுக்கிறவங்க இருக்காங்க, அது ஆசிட்டும் விஷமும் சேந்தது, பக்கத்துலயே போகாதீங்க.

இங்க ஒரு குழப்பத்தையும் சொல்லிர்றேன். எங்க வீட்ல ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்குல்ல, கும்பகோணத்து பாத்திரக்கடையில எல்லாம் விக்கிறது, அதுவும் ஈயந்தானேன்னு ஒருத்தர் கேட்டார். அது வெள்ளீயம், 232 டிகிரியில உருகும். வலையில கட்டுறது காரீயம், 327 டிகிரி. பேர் ஒண்ணா இருக்கு, பொருள் வேற வேற. சொம்பு ஈயமும் சாப்புடுறோமேன்னு வலை ஈயத்த அலட்சியமா கையாளாதீங்க, தொட்டா சோப்பு போட்டு கை கழுவிட்டுத்தான் சோத்துல கை வைக்கணும், பல்லால கடிக்கவே கூடாது.

வலை ஈயத்தை நசுக்கி ஒட்டுறது. எனக்கு ரொம்ப புடிச்ச வழி இதுதான். வீச்சு வலையோட அடியில கோக்குற ஈயக்குண்டு வலைச்சாமான் கடையில எடை போட்டே குடுப்பாங்க. கத்தியால ஒரு பக்கம் கீறி, முள்ளோட கண்ணுக்கு ஒட்டினாப்புல மாட்டி, குறடால நசுக்கிட்டா தலை ரெடி, உருக்குறதே கிடையாது. ஒண்ணு மட்டும் கவனிங்க, ஈயத்தோட கனம் முள்ளோட முதுகுப் பக்கம் உக்காரணும், அதாவது கூர் இருக்குற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். அப்பத்தான் தண்ணியில விழுந்ததும் முள்ளு கவுந்து கூர் மேல பாக்கும், அடியில கெடக்குற குச்சி, கல்லுல மாட்டாம வரும். வயித்துப் பக்கம் வச்சு நசுக்கிட்டா ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு ஜிக் ஆத்துக்கு காணிக்கை.

முள்ளுக்கு முஸ்தாட் மாதிரி பேர் தெரிஞ்ச கம்பெனியா பாத்து வாங்கிக்கோங்க, நார்வே கம்பெனி, 1877லேர்ந்து முள்ளு செய்றாங்க. விராலுக்கு 2/0 லேர்ந்து 4/0, கொடுவாக்கு 3/0 லேர்ந்து 5/0 கனமான கம்பி, உப்புத்தண்ணிக்குன்னு பூச்சு போட்டதா இருக்கணும். நம்பர்ல ஒரு சிக்கல்: வெறும் நம்பர்னா பெருசாகப் பெருசாக முள்ளு சின்னதாகும், 10ஐ விட 6 பெருசு. 1க்கு அப்புறம் 1/0, 2/0ன்னு போகும்போது பெருசாகப் பெருசாக முள்ளும் பெருசு. ஆன்லைன்ல 4க்கும் 4/0க்கும் மாத்தி ஆர்டர் போட்டு ஏமாந்தவங்க நெறைய.

கட்டுறதுக்கு வைஸ் வேணுமான்னு கேட்டா, ஜிக்குக்கு வேணாம். மெக்கானிக் வச்சிருக்கிற கிரிப் ப்ளையர்ல முள்ளை கவ்வ வச்சு, அந்த ப்ளையரை மேஜை ஓரத்துல கட்டிட்டா போதும். டெய்லர் கடை பாலியஸ்டர் நூல் போதும், கைய எடுக்கும்போது நூல் பிரியாம இருக்க துணி கிளிப் ஒண்ணு மாட்டி தொங்கவிடுங்க. முடிச்சுதான் எல்லாருக்கும் பயம். விப் ஃபினிஷ்னு ஒரு கருவி விக்கிறாங்க, அது இல்லாமலும் முடிக்கலாம். எங்க அப்பாயி தெனமும் சாயங்காலம் முல்லைப்பூ கட்டும், கால் கட்டைவிரல்ல நூல மாட்டிக்கிட்டு, பூவ வச்சு சுத்தி ஒரு சுருக்கு போட்டு இழுக்கும் பாருங்க, கிட்டத்தட்ட அந்த சுருக்குதான் ஜிக் தலைக்கு போடுற கடைசி முடிச்சும். நான் கருவியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தப்ப பக்கத்துல வந்து, "என்னாடா தம்பி இது, பூ கட்டுறாப்புலதானே" ன்னு கையில வாங்கி நாலு சுருக்கு போட்டு குடுத்துச்சு, அந்த ஜிக் அவுரவே இல்ல. உங்க வீட்லயும் பூ கட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருப்பாங்க, அவங்ககிட்ட கத்துக்கிட்டா வீடியோ பாக்குறதைவிட சீக்கிரம் வரும். அஞ்சாறு சுருக்கு போட்டு மேல கலர் இல்லாத நெயில் பாலிஷ் ரெண்டு தடவ தடவிருங்க. ஃபெவிக்விக் வேண்டாம், அது இறகு வழியா ஊறிப் போய் முடி எல்லாம் குச்சியாயிரும், தண்ணியில ஆடாது.

முடி, பளபளப்பு எல்லாம் ஊருக்குள்ளயே இருக்கு. ஆட்டு வால் முடி, ஃபேன்சி ஸ்டோர்ல விக்கிற நைலான் சவுரி, மாலைக்கடை ஜிகினா, திருபுவனம் பக்கம் தறி போடுற வீடுகள்ல வெட்டி எறியிற ஜரிகை நுனி. சவுரி கொடுவாக்கு நல்லா வேலை செய்யுது, நீளமா மடவைக்குஞ்சு மாதிரி நெளியும். ஜரிகையில ஒரு குறை, உப்புத்தண்ணியில கறுத்துப் போகுது, ஆத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க.

ஜிக்கோட மறைமுக செலவு என்னன்னா தொலைப்பு. ஜிக் அடிக்கு போற சாமான், நம்ம வாய்க்கா அடியில என்ன இல்ல சொல்லுங்க, பழைய சேலை, கருவேல முள்ளு, காட்டாமணக்கு வேரு, அறுந்த வலை. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு போகும்னு கணக்கு வச்சுக்கிட்டுத்தான் கட்டணும். அதனாலதான் கட்டுறது சீக்கிரம் முடியிற மாதிரி இருக்கணும்ங்கிறேன், ஒரு ஜிக்குக்கு ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல செலவழிச்சா அத தொலைக்க மனசு வராது, மறுபடி அந்த ரெண்டடி தள்ளிப் போடுற கதைதான்.

ஜிக் வேலைக்கு ஆகாத எடம் ஒண்ணு இருக்கு, ஆகாயத்தாமரை மூடின குளம். முங்கின உடனே ஒரு கூடை செடியோட வரும். அங்க விராலுக்கு மேலயே மிதந்து போறதுதான் வேணும், அதுக்கு நான் நெட்டியில தவளை செய்றேன். தஞ்சாவூர்ல நெட்டி வேலை செய்றாங்களே, கோயில் கோபுரம் பொம்மை எல்லாம், 2020ல புவிசார் குறியீடு கூட வாங்குன அதே நெட்டிதான், தண்ணியில வளர்ற செடியோட தண்டு, இறகு மாதிரி எடையே இருக்காது. பிளேடால தவளை அளவுக்கு செதுக்கி, அடியில கீறி ரெட்டை முள்ளை உடம்போட ஒட்டி மேல பாக்குற மாதிரி வச்சு நூலால இறுக்கி, மேல நெயில் பாலிஷ் மூணு பூச்சு. பூச்சு விட்டுப்போச்சுன்னா தண்ணிய குடிச்சு முங்கிரும். ஒரு கடி, ரெண்டு கடி தாங்கும், அதுக்கு மேல நெட்டி அமுங்கிப் போயிரும். ஆனா அந்த அமுங்குறதுதான் முள்ளை வெளிய கொண்டுவருது.

விரால் பத்தி பேசும்போது இத சொல்லாம போக மாட்டேன். குளத்துல செவப்பா பந்து மாதிரி குஞ்சு மேல வந்து வந்து முங்கறத பாத்தீங்கன்னா அடியில தாயும் தகப்பனும் காவல் நிக்குதுன்னு அர்த்தம். அது பசிக்கு அடிக்காது, குஞ்சை காப்பாத்த அடிக்கும், எத போட்டாலும் அடிக்கும். அந்த எடத்துல போடாதீங்க, காவல் போயிட்டா மொத்த பந்தையும் மத்த மீனு ஒரு நாள்ல முடிச்சுரும்.

## வழி 3: ஃப்ளை கட்டுறது

ஃப்ளைன்னா குளிர் நாட்டு ஓடையில ட்ரௌட் மீனுக்கு கட்டுற கொசு, ஈசல் மாதிரி சமாசாரம்னு ஒரு நெனப்பு இருக்கு. நம்ம செந்தண்ணிக்கு அது ஆகாதுன்னு ஒதுக்கிர்றாங்க. ஆனா உலகத்துல ரொம்ப பேர் கட்டுற ரெண்டு ஃப்ளைய எடுத்துக்குவோம். வூலி பக்கர், 1967ல ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் கட்டினது. கிளவுசர் மின்னோ, 1987ல பாப் கிளவுசர் கட்டினது. ரெண்டு பேரும் பென்சில்வேனியாக்காரங்க, ரெண்டு ஃப்ளையும் முதல்ல கட்டினது ஆத்து பாஸ் மீனுக்கு. வெதுவெதுன்னு ஓடுற ஆறு, அடியில கெடக்குற பூச்சி, ஓடுற பொடிமீன், நம்ம நெலமைக்கு ரொம்ப தூரம் இல்ல. அதுலயும் அந்த கிளவுசர் இருக்கே, முள்ளோட முதுகுல ஒரு ஜோடி கனமான கண்ணு வச்சு, கூர் மேல பாக்குற மாதிரி கவுக்குற ஃப்ளை. மேல வலை ஈயத்துல நான் சொன்ன அதே விஷயம். அதனால ஜிக் கட்டிப் பழகின கை கிளவுசருக்கு தானா போயிரும், நடுவுல சுவரே கிடையாது.

ஃப்ளைக்கு வைஸ் வேணும், இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். 8, 10 நம்பர் முள்ளுல சேவல் இறகை சுத்தும்போது முள்ளு அரை மில்லி ஆடினா கூட நூல் வழுக்கும். விலை கம்மியான வைஸ் போதும், ஆனா தாடை நல்லா கவ்வுதான்னு பாக்கணும், முள்ளை மாட்டி விரலால அழுத்தினா முள்ளுதான் வளையணும், தாடையில வழுக்கக் கூடாது. வழுக்குற வைஸ்ல பழகினா தப்பு நம்ம கையிலன்னு நெனச்சு விட்டுருவீங்க. நூல்கண்டை மாட்டி சுத்துற பாபின் ஹோல்டர் பீங்கான் குழாய் வச்சதா வாங்குங்க, மட்டமான உலோகக் குழாய் நூல அறுக்கும், அது எதுக்கு அறுதுன்னு தெரியாம ரெண்டு வாரம் வீணாப்போகும்.

மறைமுக செலவு இங்கதான் ஜாஸ்தி. கம்பு ரீல் லைன்னு மேல சொன்னது ஒண்ணு. அந்த லைன் மேல பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, சித்திரை வெயில்ல வண்டி டிக்கியில போட்டு வச்சா வெடிச்சுப் போகும், அதவிட டீட்ங்கிற ரசாயனம் கலந்த கொசு மருந்து தடவின கையால தொட்டா பூச்சு கரைஞ்சு பிசுபிசுன்னு ஆயிரும், சாயங்காலம் ஆத்தங்கரையில கொசு மருந்து இல்லாம நிக்க முடியுமா? புறங்கையில தடவுங்க, உள்ளங்கைய துடைச்சுக்கோங்க. அப்புறம் எடம். பின்னாடி லைன் பறக்க எடம் வேணும், நம்ம கரையில பின்னாடி தென்னையும் கருவேலமும் நிக்குது. தண்ணிக்குள்ள எறங்கி நின்னு வீசலாம்னு கொள்ளிடத்துல எறங்கிராதீங்க, அணைக்கரை பக்கமெல்லாம் முதலை இருக்கு, மணல் எடுத்த பள்ளமும் இருக்கு. கடலோரம் பூம்புகார், தரங்கம்பாடி பக்கம் மத்தியானத்துக்கு மேல கடல்காத்து எழும்பிருச்சுன்னா பழகாத கைக்கு ஃப்ளை வீச்சு முகத்துக்கே திரும்பி வரும், அங்க விடியக்காலை மட்டும்தான்.

அப்ப யாருக்கு ஃப்ளை? ஓதம் வத்துற நேரத்துல அடி தெரியிற தெளிஞ்ச தண்ணி, அங்க மீனு பயந்து நிக்கும், 14 கிராம் ஜிக் தொப்புன்னு விழுந்தா ஓடிரும், ஃப்ளை சத்தமில்லாம விழும். கழிமுகம், முத்துப்பேட்டை அலையாத்தி பக்கம் அப்படி எடங்கள் உண்டு, காட்டுக்குள்ள போறதுன்னா வனத்துறை அனுமதி வாங்கிட்டுத்தான் போகணும். தை மாசத்துக்கு அப்புறம், மேட்டூர் அடைச்சு ஆத்துல ஓட்டம் நின்னு மடுவுல தண்ணி தெளியும்போதும் ஃப்ளைக்கு நல்ல நேரம். இன்னொரு வகை ஆளுக, கட்டுறதே சுகம்னு இருக்கிறவங்க. ராத்திரி ஒரு மணி நேரம் விளக்கு கீழ உக்காந்து ஒரே ஒரு ஃப்ளை கட்டினாலும் நிறைவா தூங்கப் போறவங்க இருக்காங்க, அவங்க கணக்கு பாக்க வேண்டாம், நேரா இங்க வந்துருங்க.

மூங்கில் கம்புல ஃப்ளை. இது தனியா ஒரு வழின்னே சொல்லலாம். ரீல் இல்லாத கம்பு, கம்பு நுனியில நரம்பு, நரம்பு நுனியில முள்ளு, நம்ம தாத்தா காலத்து தூண்டி. ஜப்பான்ல மலை ஓடையில தென்காரான்னு இதே மாதிரி ரீல் இல்லாத கம்புலதான் ஃப்ளை போடுறாங்க. வீச வேண்டியதே இல்ல, ஆட்டி விட்டா போதும், எடை கணக்கு எல்லாம் தேவையில்ல. நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு கீழ பிரியிற வாய்க்கா எல்லாம் பத்து பன்னெண்டு அடி அகலம், அங்க இதுக்கு மேல தூரம் எதுக்கு? 10 நம்பர் முள்ளுல கோழி இறகோட அடியில இருக்குற பொசபொச தூவியை வாலா வச்சு, நடுவுல கறுப்பு உல்லன், மேல சேவல் கழுத்து இறகு ரெண்டு சுத்து. ஜிலேபி, பனையேறி, சின்னக் கெண்டை எல்லாம் அடிக்கும். பனையேறிய கழட்டும்போது செவுளு பத்திரம், ரம்பம் மாதிரி கிழிச்சுரும். புதுத்தண்ணி கலங்கலா வரும்போது வெளிர் கலர் ஒண்ணும் எடுபடல, கறுப்புதான் தண்ணிக்குள்ள உருவமா தெரியுது போல, எனக்கு அதுலதான் கடி வந்துருக்கு.

புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குறதா இருந்தா இதத்தான் சொல்லிக் குடுங்க. ஈயம் கிடையாது, பறக்குற முள்ளு கிடையாது.

## இறகு விஷயத்துல ஒரு எச்சரிக்கை

வெளிநாட்டு வீடியோ எல்லாம் மான் வால் முடி கட்டச் சொல்லும். இங்க 1972 வன உயிரினப் பாதுகாப்பு சட்டத்துல மான் வருது, முடி வச்சுருந்தாலே வம்பு. ஆட்டு முடி அதுக்கு நல்ல மாத்து. கொக்கு, மீன்கொத்தி இறகு அழகா இருக்குன்னு பொறுக்கி வைக்காதீங்க. தானா உதுந்த மயில் தோகை உள்ளூர்ல வச்சுக்க தடையில்ல, வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கோழிக்கடையில சேவல் இறகு கேட்டா சும்மாவே குடுப்பாங்க, ஷாம்பு போட்டு அலசி நல்லா வெயில்ல காயவச்சு அந்துருண்டையோட மூடி வைங்க, இல்லேன்னா கார்த்திகையில தொறக்கும்போது பூச்சி அரிச்ச தண்டு மட்டும் இருக்கும். முள்ளு டப்பாவுலயும் ஈரம் இழுக்குற சிலிக்கா பொட்டலம் ஒண்ணு போட்டு வைங்க.

## ஒரே பார்வையில

| | ரெடிமேட் | ஜிக் (வலை ஈயம்) | ஃப்ளை, முழு செட் | ஃப்ளை, மூங்கில் கம்பு |
|---|---|---|---|---|
| முதல் செலவு | கம்மி | கம்மி | ரொம்ப ஜாஸ்தி | ரொம்ப கம்மி |
| தொலைக்கிறது | ஒவ்வொண்ணும் வலிக்கும் | நெறைய, ஆனா வலிக்காது | கம்மி | கம்மி |
| வைஸ் | வேணாம் | வேணாம் | வேணும் | இருந்தா நல்லது |
| பழக ஆகுற காலம் | இல்ல | ஒரு வாரம் | கட்ட ஒரு மாசம், வீச அதுக்கு மேல | ரெண்டு வாரம் |
| நல்ல தண்ணி | எல்லாம் | சட்ரஸ், ஆறு, கழிமுகம் | தெளிஞ்ச தண்ணி, மடு | சின்ன வாய்க்கா, குளத்து ஓரம் |
| ஆகாத தண்ணி | முள்ளு மட்டமா இருந்தா உப்புத்தண்ணி | ஆகாயத்தாமரை குளம் | காத்து, மரம் சூழ்ந்த கரை | அகலமான ஆறு |
| கவனம் | முள்ளு தரம் | ஈயம், கை கழுவணும் | டீட் கொசு மருந்து, வெயில் | பனையேறி செவுளு |

குளமோ ஏரியோ எதுவா இருந்தாலும் அது மீன் குத்தகைக்கு விட்டதான்னு ஊர்ல கேட்டுட்டு போடுங்க, குத்தகைக்காரர்கிட்ட சொல்லிட்டு போட்டா அவரே விரால் எடம் காட்டுவார்.

## கேட்டவங்களுக்கு

மன்னார்குடி தம்பிக்கு: உங்ககிட்ட இருக்குறது ஸ்பின்னிங் கம்பு, போடுற எடம் பாமணியாறு. வைஸ் அப்படியே இருக்கட்டும். கால் கிலோ வலை ஈயம், 2/0 முள்ளு ஒரு பாக்கெட், கறுப்பு சவுரி ஒண்ணு, நெயில் பாலிஷ், கிரிப் ப்ளையர். தை பொறக்கிற வரைக்கும் இத கட்டுங்க. தண்ணி தெளிஞ்சப்புறமும் கட்டணும்னு கை பரபரன்னு இருந்தா அப்ப வைஸ் வாங்குங்க, முதல்ல மூங்கில் கம்புக்கு கட்டுங்க.

சீர்காழி தங்கச்சிக்கு: அப்பா கம்பு கனமான கம்பு, கொடுவாக்கு 14 கிராம் தலை, உப்புத்தண்ணி பூச்சு போட்ட 4/0, வெள்ளை சவுரி ஒரு விரல் நீளத்துக்கு. உங்க ரெண்டு பேருக்கும் தலை வாங்கி கட்டுறது போதும், வீட்ல சின்னத் தம்பி இருக்கான்னு சொன்னீங்க, அதனால வலை ஈயம் கூட வேண்டாம். ஃப்ளை கம்பு ஆசைய ஒரு வருஷம் தள்ளி வைங்க, கடல்காத்து இல்லாத காலை நேரம் உங்களுக்கு வாரத்துல எத்தன நாள் கிடைக்குதுன்னு அதுக்குள்ள தெரிஞ்சுரும்.

ரெண்டு பேருமே முதல் பத்து ஜிக்கையும் ஒரே கலர்ல, ஒரே எடையில கட்டுங்க. மாத்தி மாத்தி கட்டினா மீன் அடிக்காதது கலராலயா, கட்டாலயா, போட்ட எடத்தாலயான்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது.